உரமூட்டையின் எண்களும் ரசாயன வாய்பாடும்

மும்பை நகரின் செம்பூரை அடுத்துள்ள டிராம்பே உரத் தொழிற்சாலை 1965ஆம் ஆண்டில் உற்பத்தியைத் தொடங்கியது. இந்திய உரக் கழகத்தின் கீழிருந்த அத்தொழிற்சாலை, 1978இல் ராஷ்டிரிய கெமிக்கல்ஸ் அண்ட் ஃபெர்ட்டிலைசர்ஸ் என்னும் அரசு நிறுவனத்தைச் சேர்ந்தது. அங்குத் தயாராகும் யூரியா மூட்டையின் மீது 46 என்ற எண்ணும், ‘சுபலா’ கலப்பு உர மூட்டையின் மீது 15:15:15 என்ற எண்களும் காணப்படும். பயிருக்கு இடவேண்டிய அளவை இவ்வெண்களைக் கொண்டே கணக்கிடுகின்றனர். இவற்றின் பொருளை அறிய, அணுவின் அமைப்பிலிருந்து தொடங்குதல் வேண்டும்.

சக்தி மட்டங்கள்

அணுவின் உட்கருவைச் சூழ்ந்துள்ள எலெக்ட்ரான்கள் குறிப்பிட்ட சில சக்தி மட்டங்களில் மட்டுமே நிலைபெறுகின்றன. இக்கருத்தை டென்மார்க் விஞ்ஞானி நீல்ஸ் போர் 1913இல் வெளியிட்டார். முதல் மட்டத்தில் இரண்டு எலெக்ட்ரான்களும், இரண்டாவதில் எட்டும் இடம்பெறலாம். நைட்ரஜனின் ஏழு எலெக்ட்ரான்களுள் இரண்டு முதல் மட்டத்திலும் ஐந்து இரண்டாவதிலும் உள்ளன. இரண்டாம் மட்டம் நிறைவுற மேலும் மூன்று தேவை. ஹைட்ரஜனிடம் உள்ளதோ ஒன்றே. அதன் மட்டம் நிறைவுற மற்றொன்று வேண்டும். ஆகவே ஒரு நைட்ரஜன் அணு மூன்று ஹைட்ரஜன் அணுக்களுடன் எலெக்ட்ரான்களைப் பகிர்ந்து அம்மோனியா ஆகிறது. இதன் வாய்பாடு என்எச்₃. இதில் ‘என்’ நைட்ரஜனையும், ‘எச்’ ஹைட்ரஜனையும், கீழுள்ள எண் அணுக்களின் தொகையையும் குறிக்கும்.

காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜனே. எனினும் அதன் அணுக்கள் இரண்டிரண்டாக, மூன்று இணை எலெக்ட்ரான்களைப் பகிர்ந்து இறுகப் பிணைந்திருத்தலால் பயிர்கள் அதனை நேரே ஏற்க இயலாது. பயறுவகைச் செடிகளின் வேர்முடிச்சுகளில் வாழும் பாக்டீரியாக்கள் இப்பிணைப்பைப் பிரிக்க வல்லவை. தொழிற்சாலையிலோ இரும்பு வினையூக்கியும், மிகுந்த அழுத்தமும், 400 முதல் 500 டிகிரி சென்டிகிரேடு வெப்பமும் தேவைப்படுகின்றன. இம்முறையில் இயங்கிய முதல் தொழிற்சாலை ஜெர்மனியின் ஓப்பாவ் நகரில் அதே 1913ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது.

வாய்பாடு காட்டும் கணக்கு

அம்மோனியாவும் கரியமில வாயுவும் சேர்ந்து யூரியா உண்டாகிறது. இதன் வாய்பாடு சிஓ(என்எச்₂)₂. அடைப்புக்குறிக்கு வெளியேயுள்ள 2, உள்ளிருக்கும் தொகுதி இருமுறை வருவதைக் காட்டும். அணு எடைகள் கார்பன் 12, ஆக்சிஜன் 16, நைட்ரஜன் 14, ஹைட்ரஜன் 1 எனக் கொண்டால், யூரியாவின் மூலக்கூறு எடை 60 ஆகும். அதில் நைட்ரஜன் 28, அதாவது நூற்றுக்கு ஏறத்தாழ 46.7 பங்கு. விற்பனைக்கு வரும் யூரியாவில் சிறிதளவு ஈரமும் பையூரெட்டும் கலந்திருத்தலால் 46 எனக் குறிக்கப்படுகிறது. 45 கிலோ மூட்டையில் உள்ள நைட்ரஜன் 20.7 கிலோ.

அம்மோனியம் சல்பேட்டின் வாய்பாடு (என்எச்₄)₂எஸ்ஓ₄. இதன் எடை 132. நைட்ரஜன் இதிலும் 28 மட்டுமே, அதாவது நூற்றுக்கு 21 பங்கு. எனவே 100 கிலோ யூரியா அளிக்கும் நைட்ரஜனைப் பெற இவ்வுரம் சுமார் 220 கிலோ தேவை. இதில் கந்தகமும் கிடைக்கிறது என்பது உண்மையே. எனினும், மூட்டைக்கு மூட்டை விலையை ஒப்பிடும் விவசாயி ஏமாற நேரிடும். நைட்ரஜன் கிலோ ஒன்றுக்கு என்ன விலை என்பதே சரியான ஒப்பீடு.

கவனிக்க வேண்டியது

சுபலாவின் மூன்று எண்களுள் முதலாவது மட்டுமே தனிமத்தின் அளவு. இரண்டாவது பி₂ஓ₅ என்ற பாஸ்பரஸ் ஆக்சைடின் அளவிலும், மூன்றாவது கே₂ஓ என்ற பொட்டாசியம் ஆக்சைடின் அளவிலும் கூறப்படுகின்றன. இவ்வாக்சைடுகள் மூட்டையினுள் அவ்வடிவில் இருப்பதில்லை. ரசாயனப் பகுப்பாய்வில் நெடுங்காலமாக வழங்கிவரும் கணக்குமுறையே இது. பி₂ஓ₅இன் எடை 142இல் பாஸ்பரஸ் 62. கே₂ஓவின் எடை 94இல் பொட்டாசியம் 78. ஆகவே 100 கிலோ சுபலாவில் உள்ள பாஸ்பரஸ் ஏறத்தாழ 6.5 கிலோ, பொட்டாசியம் 12.4 கிலோ மட்டுமே.

ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போன்ற நாடுகளில் தனிமத்தின் அளவே குறிக்கப்படுகிறது. அந்நாட்டு நூலில் கண்ட பாஸ்பரஸ் அளவை இந்திய மூட்டையின் எண்ணுடன் நேரே பொருத்தினால், பயிருக்குத் தேவையானதில் பாதிக்கும் குறைவாகவே கிடைக்கும். வாய்பாட்டைப் படித்துக் கணக்கிடும் பழக்கம் இத்தகைய பிழையைத் தவிர்க்கும். களப்பணியாளர் வயல்வெளியிலும் ஆசிரியர் வகுப்பறையிலும் இக்கணக்கை ஓர் உரமூட்டையைக் கொண்டே விளக்கிக் காட்டலாம்.