கையொப்பம் காக்கும் ஆறு இலக்கங்கள்

ஓர் ஆவணத்தில் ஒருவர் இடும் கையொப்பம், 'இதனை அறிந்தேன். இதற்கு உடன்படுகிறேன்' என்பதற்குச் சான்றாகும். எழுத அறியாதோர் பெருவிரல் ரேகையைப் பதித்தனர். அதனைக் கைநாட்டு என்பர். 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், இணையவழி இடப்படும் கையொப்பத்திற்கும் இந்தியாவில் ஏற்பு அளித்தது.

இணையத்தில் ஒப்பமிடுபவர் உரியவர்தாமா என்பதை எவ்வாறு அறிவது? அவர் தம் 12 இலக்க ஆதார் எண்ணை அளிப்பார். உடனே, ஆதாரில் பதிவு செய்யப்பட்ட கைப்பேசிக்கு 6 இலக்க எண் ஒன்று குறுஞ்செய்தியாக வரும். இதுவே ஒருமுறைக் கடவுச்சொல். 'ஓடிபி' எனவும் வழங்கும். சில நிமிடங்களில் இது காலாவதியாகும். இதனை உள்ளிட்டதும் அடையாளம் உறுதியாகி, மின் கையொப்பம் பதிவாகும். பின்னர் ஆவணத்தில் ஓர் எழுத்து மாறினாலும் சோதனையில் வெளிப்பட்டுவிடும்.

இம்முறை கைப்பேசியை வைத்திருப்பவரையே உரியவராகக் கொள்கிறது. எனவே, கடவுச்சொல்லைப் பிறரிடம் கூறுதல், வெற்றுத்தாளில் ஒப்பமிட்டுத் தருவதற்கு ஒப்பாகும். பிழைப்பிற்காக வேறு மாநிலம் செல்வோர் சிலர், பழைய கைப்பேசி எண்ணைக் கைவிட்டுப் புதிய எண் பெறுகின்றனர். கைவிடப்பட்ட எண், குறைந்தது 90 நாள்கள் கழிந்தபின், வேறொருவருக்கு வழங்கப்படலாம். அப்போது கடவுச்சொல்லும் அவரையே சென்றடையும். ஆகவே, புதிய எண்ணை ஆதார் மையத்தில் உடனே பதிவு செய்தல் இன்றியமையாதது.

சொற்பொருள்: சான்று – ஆதாரம், ஒப்பம் – கையெழுத்து, இன்றியமையாதது – மிகவும் தேவையானது.

விடை எழுதுக:
1. ஒருமுறைக் கடவுச்சொல்லைப் பிறரிடம் ஏன் கூறலாகாது?
2. கைப்பேசி எண் மாறியவர் செய்ய வேண்டியது யாது?