ஆரஞ்சுப்பூப் பன்னீர்: பூவை விடத் தண்ணீரில்தான் கவனம்

துனிசியாவின் வடகிழக்கில் கடலுக்குள் நீண்டு கிடக்கும் காப் போன் தீபகற்பத்தில் நபல் என்றொரு ஊர். மார்ச், ஏப்ரலில் அங்கே கசப்பு ஆரஞ்சு பூத்துக் குலுங்கும். மரத்தடியில் துணி விரித்து, ஏணியில் ஏறிப் பூப் பறிப்பார்கள். அந்தப் பூவைக் கிலோ கணக்கில் வாங்கி, வீட்டு வாலையில் வடித்து, வருடம் முழுக்க வரும்படி பாட்டில்களில் நிரப்பி வைக்கும் குடும்பங்கள் இன்றும் உண்டு. லெபனானில் சைதாவுக்குப் பக்கத்து மக்தூஷேயும் இதற்குப் பேர்போன ஊர். மொராக்கோவில் விருந்தாளியின் கையில் இதைத் தெளிக்க வைத்திருக்கும் வெள்ளிக் குப்பி, நம் கல்யாண வாசலில் நிற்கும் பன்னீர்ச் செம்பின் தங்கை போலவே இருக்கும்.

வாசனைத் தொழிற்சாலைகளுக்கு இந்தப் பூவின் எண்ணெய்தான் குறி. ஒரு டன் பூவை வடித்தால் சுமார் ஒரு கிலோ நெரோலி எண்ணெய் தேறும். எண்ணெய் மேலே மிதக்க, கீழே நிற்கும் நீர்தான் ஆரஞ்சுப்பூப் பன்னீர். சமையலறைக்கு வருவது அதுதான்.

வீட்டில் வடிப்பது எப்படி?

பூவைத் தண்ணீரில் ஊறவைத்து வடிகட்டினாலே போதும் என்று சிலர் சொல்வார்கள். அது வெறும் ஊறல்நீர். இரண்டொரு நாளில் கெட்டுவிடும். ஆவியாகப் போய்த் திரும்பக் குளிர்ந்து சொட்டுவதே பன்னீர்.

வாலை இல்லாத வீட்டில் அகலமான எவர்சில்வர் பாத்திரம் போதும். நடுவில் ஒரு சிறு கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன்மேல் இன்னொரு கிண்ணத்தை நிமிர்த்தி வையுங்கள். சுற்றிலும் பூவைப் போட்டு, பூ மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். மேல் கிண்ணத்துக்குள் தண்ணீர் ஏறிவிடக் கூடாது. மூடியைத் தலைகீழாக வைத்து அதன் குழிவில் ஐஸ் கட்டிகளைப் போட்டு, தீயைச் சிறிதாக வைத்தால், ஆவி மூடியில் பட்டுக் குளிர்ந்து, குமிழ் வழியாகக் கிண்ணத்தில் சொட்டும். கால் கிலோ பூவுக்குக் கால் லிட்டருக்கு மேல் ஆசைப்படாதீர்கள். அதற்குப் பிறகு இறங்குவதில் வெந்த இலை வாடைதான் மிஞ்சும். அடியில் தண்ணீர் வற்றவும் விடக்கூடாது.

பிரஷர் குக்கரில் குழாய் செருகிச் செய்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஓர் இதழ் போய்க் குழாயை அடைத்தாலும் குக்கர் வெடிக்கலாம்.

காலையில் அப்போதுதான் விரிந்த பூ நல்லது. காம்பையும் இலையையும் கிள்ளிவிடுங்கள். மருந்தடித்த மரத்துப் பூ வேண்டாம். அலங்காரத்துக்கென்று கடையில் விற்கும் பூவும் வேண்டாம். புதிதாக வடித்ததில் ஒரு பச்சை வாடை இருக்கும். சில வாரங்கள் மூடி வைத்தால் அடங்கிவிடும்.

கெடுதல் எங்கிருந்து வருகிறது?

இந்த நீரில் உப்பு இல்லை, சர்க்கரை இல்லை, பதப்படுத்தும் பொருளும் இல்லை. அதனால் கிருமி வளரத் தடையே இல்லை. ஆரஞ்சுப்பூ, ரோஜாப்பூ நீர்களைச் சோதித்த ஆய்வாளர்கள் சூடோமோனாஸ், பர்கோல்டேரியா வகைப் பாக்டீரியாக்களைக் கண்டிருக்கிறார்கள். ஆரோக்கியமானவருக்கு இவற்றால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. எதிர்ப்புச் சக்தி குறைந்தவருக்கு ஆபத்து. வடிக்கும்போது ஆவி சுத்தமாகத்தான் வருகிறது. அழுக்குச் சேர்வது பிறகு, கிண்ணத்திலும் புனலிலும் பாட்டிலிலும்.

எனவே சின்னக் கண்ணாடிப் பாட்டில்களைக் கொதிநீரில் பத்து நிமிடம் போட்டெடுத்து, உலர்த்தி, விளிம்பு வரை நிரப்பி, ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஈரக் கரண்டியை உள்ளே விடாதீர்கள். நூல்நூலாக ஏதாவது மிதந்தாலோ, கலங்கினாலோ, புளிப்பு வாடை வந்தாலோ மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள். மறுபடி கொதிக்கவைத்துக் காப்பாற்றப் பார்க்க வேண்டாம்.

இதே காரணத்தால் கண்ணில் விடவே கூடாது. ரோஜாப் பன்னீரைக் கண்ணில் விடும் பழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. அதுவும் கிருமி நீக்கிய மருந்தல்ல.

தூக்கம் தருமா?

லெபனானில் இரவு உணவுக்குப் பின் ‘வெள்ளைக் காப்பி’ குடிப்பார்கள். அதில் காப்பியே கிடையாது. வெந்நீரில் ஒரு கரண்டி பூப்பன்னீர், அவ்வளவுதான். மனம் அமைதியாகும் என்பது நம்பிக்கை. பூவிலுள்ள லினலூலுக்கு அமைதிப்படுத்தும் குணம் உண்டு என்று விலங்குச் சோதனைகள் சொல்கின்றன. அறுவை சிகிச்சைக்கு முந்தைய பதற்றம் ஓரளவு குறைந்ததாகச் சில சிறு ஆய்வுகளும் இருக்கின்றன. ஆனால் மாத்திரைக்குப் பதிலாக இதை நம்பும் அளவுக்கு ஆதாரம் சேரவில்லை. ராத்திரியில் நிஜக் காப்பியைத் தவிர்த்ததே பாதி பலன் என்பது என் எண்ணம்.

வயிற்றுவலியில் அழும் கைக்குழந்தைக்குச் சர்க்கரைத் தண்ணீரில் கலந்து புகட்டும் வழக்கமும் அந்நாடுகளில் உண்டு. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே என்பதில் இதற்கு விலக்கில்லை.

மாத்திரையும் பன்னீரும் ஒன்றல்ல

உடல் இளைக்க என்று விற்கும் மாத்திரைகளில் ‘கசப்பு ஆரஞ்சுச் சாறு’ என்று போட்டிருக்கும். 2004இல் அமெரிக்கா எஃபெட்ரா கலந்த மாத்திரைகளைத் தடை செய்தபோது, அந்த இடத்துக்கு வந்த சரக்கு இது. பிஞ்சுக் காயிலும் தோலிலும் உள்ள சினெஃப்ரின் இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றக்கூடும். பழச்சாறு வேறு சில மருந்துகளின் அளவை உடம்பில் கூட்டிவிடும். சினெஃப்ரின் எளிதில் ஆவியாகாது என்பதால் வடித்த பூநீரில் அந்தப் பயம் இல்லை.

கடையில் வாங்கினால் லேபிளைப் படியுங்கள். தண்ணீரோடு செயற்கை வாசனை சேர்த்ததையும் இதே பெயரில் விற்கிறார்கள். முகத்துக்கென்று விற்பதைக் குடிக்கக் கூடாது. சமையலுக்குச் சொட்டுக் கணக்குத்தான். நான்கு பேருக்கான பாயசத்துக்கு அரைத் தேக்கரண்டி போதும், அதுவும் அடுப்பை அணைத்த பிறகு. கொதிக்கும்போது ஊற்றினால் மணம் ஆவியோடு போய்விடும்.