புள்ளி சிதையாப் பதிவு: அரிய அச்சுநூல்களை மின்னாக்கம் செய்ய ஓர் எளிய கருவி

முன்னுரை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் அதனை அடுத்தும் வெளிவந்த தமிழ் நூல்கள் பல, அமிலத்தன்மை மிகுந்த மரக்கூழ்த் தாளில் அச்சானவை. தட்டை வருடியில் இவற்றை 180 பாகை விரித்துக் கவிழ்த்து அழுத்தும்போது தாள் ஒடிகிறது, கட்டு பிரிகிறது. காக்கும் முயற்சியே மூலத்தை அழித்துவிடுகிறது. இதற்கு மாற்றாக, கழிவுப் பொருள்களையும் விலை குறைந்த இரு கேமராக்களையும் கொண்டு தாம் அமைத்த நூல் வருடியின் செய்முறையை 2009இல் டேனியல் ரீட்ஸ் வெளியிட்டார். அவ்வகைக் கருவியின் அமைப்பையும், தமிழ் எழுத்து அதற்கு விதிக்கும் வரையறையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

கருவியின் அமைப்பு

இரு ஒட்டுப்பலகைகளை 90 பாகைக் கோணத்தில் தொட்டில்போல் அமைக்க வேண்டும். நூலின் முதுகு அமர, நடுவில் இடைவெளி தேவை. பக்கங்கள் புரளப் புரள இருபுறத் தடிமனும் மாறுவதால் தொட்டில் பக்கவாட்டில் நகருமாறு இருத்தல் நலம். அதே கோணத்தில் இணைத்த இரு கண்ணாடித் தகடுகள் மேலிருந்து மெல்ல இறங்கிப் பக்கங்களைச் சமப்படுத்தும். ஒவ்வொரு பக்கத்திற்கும் செங்குத்தாக ஒரு கேமரா நிற்கும். நூல் முதுகுக்கு நேர்மேலே விளக்கை வைத்தால், கண்ணாடியில் தெறிக்கும் ஒளி கேமராவை எட்டாது. கைப்பேசி ஒன்றே இருப்பின் வலப்பக்கங்களை முதலிலும், நூலைத் திருப்பி வைத்து இடப்பக்கங்களைப் பின்னரும் எடுத்து வரிசைப்படுத்தலாம்.

நுணுக்க அளவு

4000 × 3000 படப்புள்ளிகள் கொண்ட கேமரா 10 × 7.5 அங்குலப் பரப்பைப் படமெடுத்தால் அங்குலத்திற்கு 400 புள்ளிகள் கிடைக்கும். 8.5 × 5.5 அங்குல நூற்பக்கம் இதனுள் விளிம்புடன் அடங்கும். எனவே விலை மிகுந்த கேமரா இன்றியமையாததன்று.

புள்ளியும் கறையும்

தமிழில் மெய்யையும் உயிர்மெய்யையும் வேறுபடுத்துவது சிறு புள்ளியே. கோப்பின் அளவைக் குறைக்கப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றுகையில் மங்கிய புள்ளி மறையலாம். தாளின் கறை புள்ளியாகத் தோன்றலாம். ‘பல்’ என்பது ‘பல’ எனப் பதிவானால் பொருள் மாறாதிருக்கக்கூடும். ஆயின் நேரசை நிரையசையாகிவிடும். பொருள் இடறாமையால் இப்பிழை வாசகர் கண்ணுக்குத் தப்பி, பின்னர்ப் பாடவேறுபாடாகவே பட்டியலில் இடம்பெறவும் வாய்ப்புண்டு. ஆகவே ஸ்கேன் டெய்லர் போன்ற கட்டற்ற மென்பொருளால் சீர்செய்த படியை வாசிப்புக்கு வைத்துக்கொண்டாலும், வண்ண மூலப்படத்தை நீக்காது காத்தல் வேண்டும். டெசராக்ட் முதலிய எழுத்துணரிகள் தரும் பாடத்தையும் அம்மூலப்படத்தோடு ஒப்பிட்டே ஏற்க வேண்டும்.

முடிவுரை

ஊர்த் தச்சரின் துணையோடு ஆய்வாளரே இக்கருவியை அமைத்துக்கொள்ள இயலும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி ஆசிரியர் மறைவுக்குப்பின் 60 ஆண்டுகள் உரிமை நீடிப்பதைப் பொதுவெளியில் பகிருமுன் கருத வேண்டும். மூலநூல் உதிர்ந்தபின் எஞ்சுவது படமே. அப்படத்தில் விடுபட்ட புள்ளியை மீட்க வேறு சான்று இராது என்பதே இப்பணியில் நினைவிற்கொள்ள வேண்டிய அடிப்படை.