மாற்பிடுகு கிணறும் வௌவால் மூளையும்

திருச்சியிலிருந்து துறையூர் போகும் சாலையில் இருக்கிறது திருவெள்ளறை. பெருமாளைச் சேவித்துவிட்டு வெளியே வந்தால், ஸ்வஸ்திக வடிவில் ஒரு கிணறு. பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்தில், கி.பி. 800-ஐ ஒட்டி, கம்பன் அரையன் வெட்டுவித்தது. கல்வெட்டில் அதன் பெயர் மாற்பிடுகு பெருங்கிணறு. நாலு பக்கமும் படிகள். ஒவ்வொன்றும் மடங்கி இறங்குவதால் ஒரு துறையில் குளிப்பவர் இன்னொரு துறையில் நிற்பவர் கண்ணில் படமாட்டார்.

நாலும் ஒரே அச்சு. எந்தப் படியில் இறங்கினோம் என்று மூளைக்கு எப்படித் தெரிகிறது?

எலியின் மூளையில் ஹிப்போகாம்பஸ் என்றொரு பகுதி உண்டு. அங்கே சில செல்கள், எலி குறிப்பிட்ட ஓர் இடத்துக்கு வந்தால் மட்டும் துடிக்கின்றன. 1971-ல் இந்த 'இடச் செல்களை' அறிவித்த ஜான் ஓ'கீஃபுக்கு 2014-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. ஒரே மாதிரி அறைகளை ஒரே திசை பார்க்க வரிசையாக அமைத்தால் இந்தச் செல்கள் ஏமாந்துபோகும். அறைக்கு அறை அதே செல்தான் துடிக்கும். அதே அறைகளை விசிறிபோல் திசைமாற்றி வைத்தால் பிரித்தறிந்துவிடும். தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று சொல்லும் திசைச் செல்கள் கைகொடுப்பதாகக் கருதுகிறார்கள். நம் கிணற்றின் துறைகளும் திசைக்கொன்றாகத்தானே இருக்கின்றன!

ஆழத்தின் கதை வேறு. 2011-ல் எலிகளைச் சுருள் பாதையிலும், முளைகள் அடித்த செங்குத்துப் பலகையிலும் ஏறவிட்டார்கள். இடச் செல்கள் காட்டிய இடம் மேலும் கீழுமாக நீண்டுகிடந்தது. எவ்வளவு உயரம் என்பதில் அத்தனை துல்லியமில்லை. எலியைக் குறைசொல்ல முடியாது. தரையை ஒட்டி வாழும் பிராணிக்கு அது போதும்.

வௌவாலுக்குப் போதாது. இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் யார்ட்செவும் உலனோவ்ஸ்கியும் எகிப்தியப் பழந்தின்னி வௌவாலின் தலையில் கம்பியில்லாக் கருவி பொருத்திப் பறக்கவிட்டார்கள். 2013-ல் வெளியான முடிவு: ஒவ்வோர் இடச் செல்லும் காற்றுவெளியில் ஏறக்குறைய ஓர் உருண்டையைக் காவல் காக்கிறது, உயரமும் அகலமும் அதற்கு ஒன்றே. தலை மேல்நோக்கியா, கீழ்நோக்கியா என்று சொல்லும் திசைச் செல்களும் வௌவாலிடம் இருப்பது 2015-ல் தெரிந்தது.

இன்னொரு வகை, கட்டச் செல்கள். ஒரே செல் பல இடங்களில் துடிக்கும்; எலி நடக்கும் தரையில் அந்த இடங்கள் அறுகோண ஒழுங்கில் விழும். பறக்கும் வௌவாலிடம் அவை தள்ளுவண்டியில் அடுக்கிய சாத்துக்குடிபோல் இருக்கும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். 2021-ல் பார்த்தால் சாக்கில் கொட்டிய சாத்துக்குடி: அடுக்கு ஒழுங்கு இல்லை, பக்கத்துப் பழத்துக்கு உள்ள தூரம் மட்டும் ஏறக்குறைய மாறவில்லை.