சர்க்கரை அளவு சரி… மூச்சு ஏன் வாங்குகிறது?

"ஐயா, நாளைக்கு ஆபரேஷன். ராத்திரி பத்து மணிக்கு மேல எதுவும் சாப்பிடாதீங்க. சர்க்கரை மாத்திரையும் போட வேண்டாம்."

"நெஞ்சு மாத்திரை, சிஸ்டர்? அதை ஒரு நாள்கூட விடக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரே."

"அதை ஒரு வாய் தண்ணியில போட்டுக்கோங்க."

எந்த மருத்துவமனையிலும் கேட்கக்கூடிய பேச்சுதான். இருவர் பேச்சிலும் தவறில்லை. ஆனால் அந்த 'நெஞ்சு மாத்திரை' டாபக்ளிஃப்ளோசினாக இருந்தால், பெரியவர் நிறுத்தியிருக்க வேண்டிய மாத்திரையே அதுதான்.

சர்க்கரை நோய்க்கென்று வந்த டாபக்ளிஃப்ளோசினும் எம்பக்ளிஃப்ளோசினும் 2019, 2020-ல் வெளியான பெரிய ஆய்வுகளுக்குப் பிறகு இதயச் செயலிழப்புக்கும் முக்கிய மருந்துகளாகிவிட்டன. இந்தியாவில் ஒன்றின் காப்புரிமை 2020 அக்டோபரிலும் மற்றதன் காப்புரிமை 2025 மார்ச்சிலும் முடிந்தன. பல கம்பெனிகள் தயாரிக்கத் தொடங்கியதும் விலை இறங்கியது. ஏழை நோயாளிக்கும் எட்டியது நல்ல விஷயம். ஆனால் மாத்திரை போன வேகத்தில் எச்சரிக்கை போகவில்லை.

இந்த மருந்து சர்க்கரையைச் சிறுநீரில் தள்ளிவிடுவதால் ரத்தத்தில் அதன் அளவு ஏறுவதில்லை, இன்சுலினும் குறைவாகவே சுரக்கிறது. பட்டினியும் அறுவை சிகிச்சையின் தாக்கமும் சேரும்போது உடம்பு கொழுப்பை எரிக்கத் தொடங்குகிறது, கீட்டோன் அமிலம் குவிகிறது. வழக்கமாக இந்த ஆபத்து வரும்போது சர்க்கரை மிக உயரத்தில் நின்று காட்டிக்கொடுத்துவிடும். இங்கே அது 250-க்குக் கீழேயே இருக்கும். மறுநாள் குமட்டல், வாந்தி, வயிற்றுவலி. பிறகு மூச்சு வாங்கும். விரலில் குத்திப் பார்த்தால் 160. இதயநோயாளிக்கு மூச்சு வாங்கினால் நுரையீரலில் நீர் கோத்துவிட்டது என்றுதான் முதலில் தோன்றும். நீர் பிரிய ஊசி போடுவார்கள். ஏற்கெனவே வறண்டு கிடக்கும் உடம்பு இன்னும் வறண்டுபோகும்.

ரத்தத்தில் கீட்டோனைச் சோதித்தால் விஷயம் வெளிச்சமாகிவிடும். சிகிச்சையும் இருக்கிறது: இன்சுலினோடு சேர்த்து குளுக்கோஸ் டிரிப்ஸ். சர்க்கரை 160 இருப்பவருக்கு எதற்கு இன்சுலின் என்று கை தயங்கும் இடத்தில்தான் நேரம் போய்விடுகிறது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2015-லேயே இந்த ஆபத்தை எச்சரித்தது. திட்டமிட்ட அறுவை சிகிச்சை என்றால் 3 நாள் முன்பே இந்த இரு மருந்துகளையும் நிறுத்தச் சொல்லி 2020-ல் மருந்தோடு வரும் குறிப்பை மாற்றியது.

பயமுறுத்தினால் நோயாளிகள் தாங்களாகவே மருந்தை விட்டுவிடுவார்கள் என்று இதய மருத்துவர்கள் கவலைப்படுகிறார்கள். நியாயமான கவலை, டாக்டரைக் கேட்காமல் யாரும் நிறுத்தக்கூடாது. 2019 ஆய்வில் டாபக்ளிஃப்ளோசின் எடுத்த 2,368 பேரில் 3 பேருக்குத்தான் இந்தக் கீட்டோன் ஆபத்து வந்தது. மூவரும் சர்க்கரை நோயாளிகள். ஆனால் ஆய்வில் சேர்ந்தவர் என்ன மருந்து எடுக்கிறார் என்பது எழுத்தில் இருக்கும். நம் வார்டில் இருக்கிறதா?

என் கவலையெல்லாம் இங்கேதான். நோயாளியின் மகள் ஒரு பிளாஸ்டிக் கவரை நீட்டுகிறார். உள்ளே அரை அட்டை, கால் அட்டை. ஐந்து மாத்திரை போதும் என்று கேட்டபோது கடைக்காரர் கத்தரித்துக் கொடுத்தது. மருந்தின் பெயர் இருந்த பக்கம் கடையிலேயே தங்கிவிட்டது. மிச்சம் இருப்பது பாதி எழுத்தும் வெள்ளி நிறமும். "இது காலையில, இது ராத்திரி" என்கிறார் மகள். பணியில் இருக்கும் இளம் டாக்டர் அதை வைத்து என்ன எழுதுவார்?

கவரில் இருப்பது தெரியாவிட்டால் இன்னொரு ஆபத்தும் உண்டு. இதயத்துக்கும் ரத்த அழுத்தத்துக்கும் தரும் எனலாப்ரில் சாப்பிடும் மிகச் சிலருக்கு உதடும் நாக்கும் திடீரென வீங்கி மூச்சுக்குழாயை அடைக்கும். பல வருடம் ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டும் வரலாம். வழக்கமான அலர்ஜி ஊசிக்கு இது எளிதில் அடங்காது. எனலாப்ரிலை நிறுத்தி 36 மணி நேரம் கழித்துத்தான் சாகுபிட்ரில்–வல்சார்டன் என்ற இதயச் செயலிழப்பு மாத்திரையைத் தொடங்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால் இந்த வீக்கத்துக்கு வாய்ப்பு கூடும். எனலாப்ரில், சாகுபிட்ரில் இரண்டின் வேலையையும் ஒரே மாத்திரையில் செய்ய முயன்ற ஒரு மருந்து, 2000-களின் தொடக்கத்தில் இந்த வீக்கத்தாலேயே கைவிடப்பட்டது. வார்டில் புது மாத்திரை எழுதிய அன்று, பழைய அட்டையில் மிச்சமிருப்பதை வீணாக்க மனமில்லாமல் வீட்டார் அதையும் கொடுத்துவிட்டால் 36 மணி நேரம் எங்கே போயிற்று?

அட்டையை வெட்டினாலும் பெயரும் காலாவதித் தேதியும் உள்ள பகுதியை நோயாளியிடமே கொடுக்கக் கடைகள் பழக வேண்டும். 'சர்க்கரை உண்டா?' என்பதோடு நில்லாமல், 'நெஞ்சுக்குப் போடும் மாத்திரைகளைக் காட்டுங்கள்' என்று வார்டில் கேட்க வேண்டும். பக்கவிளைவு வந்தால் நோயாளியே புகார் தர இந்தியாவில் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. எந்த மருந்து, எந்த பேட்ச் என்று அங்கே கேட்பார்கள். அந்த விவரமெல்லாம் அச்சாகியிருப்பது அட்டையில்தான்.