படுத்தால்தான் சீக்கா?

தோழர்களே, நம் தோட்டத்துப் பெரியவர்கள் லயத்துக் காவாயில் தண்ணி தேங்கினால் சண்டைக்கே போவார்கள். எந்தப் புத்தகம் படித்தார்கள்? குளிர்காய்ச்சல் கற்றுக்கொடுத்த பாடம் அது.

நம் மலாக்காவில், புக்கிட் லிந்தாங்கில், 1896-ல் தான் சாய் யான் ரப்பரைத் தோட்டப் பயிராக நட்டார். பிறகு மலாயா முழுக்கக் காடு அழிந்தது. கூடவே மலேரியா வந்தது. கப்பலேறி வந்த நம்மவர்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். 1901-ல் கிள்ளானில் டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்புத் தண்ணீரை வடியவைத்துக் காட்டிய பிறகுதான் தோட்டங்களிலும் காவாய் வெட்டினார்கள். காலைப் பெரட்டில் கொய்னா கொடுத்தார்கள். கசக்குதென்று துப்பியவன்கூட, பக்கத்து வீட்டில் சாவு விழுந்த பிறகு விழுங்கினான்.

அதே தோட்டம் இன்னொரு பழக்கத்தையும் ஊட்டிவிட்டது. நாள் கூலிக்காரன் வேலைக்கு வராவிட்டால் செக்ரோலில் பெயர் விழாது. ஆகவே கைகால் ஆடும்வரை சீக்கில்லை, படுத்தால்தான் சீக்கு.

இன்று புக்கிட் காத்தில் பக்கம் தாமான் வீடுகளுக்கு வந்துவிட்டோம். அந்தப் புத்தி மட்டும் போகவில்லை. இப்போதைய எமன் இனிப்பு நீர். அது ஆளைப் படுக்க வைக்காது. சத்தமில்லாமல் கண்ணையும் காலையும் தின்னும். 2019 தேசியச் சுகாதார ஆய்வில், பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இந்நோய். அதில் பாதிப்பேருக்கு அது இருப்பதே தெரியவில்லை. இனவாரியாகப் பார்த்தால் நாம்தான் முன்னால். (இதிலாவது பின்தங்கியிருக்கலாம்!)

“வலிக்கவே இல்லையே, எதுக்கு கிளினிக்கு?” என்கிறார்கள் கூட்டங்களில். சொல்லாமலே போகிறவர்கள் யார் தெரியுமா? அப்பாவுக்கோ அண்ணனுக்கோ கால் எடுத்ததைப் பார்த்தவர்கள். ஒரு வீடு கற்றுக்கொள்ள ஒரு கால் போகணுமா?

வசதி இல்லாமல் இல்லை. 2019-ல் வந்த பெக்கா பி40 திட்டத்தில், அரசாங்க உதவித்தொகை பெறும் 40 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குச் சோதனை இலவசம். சிக்கல் நாளில்தான். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி முதல் இரண்டு ஆண்டுக்குள் 14 நாள், ஐந்தாண்டுக்குப் பிறகு 22 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. ஆனால் அது டாக்டர் எம்சி கொடுத்தால்தான். திடமாக இருக்கும்போதே சோதிக்கப் போகிறவனுக்கு யார் எம்சி கொடுப்பார்? அவன் கூலியைத்தான் இழக்கணும்.

அடுத்த கூட்டு ஒப்பந்தப் பேச்சில் ஆண்டுக்கு ஒரு நாள், சோதனைக்கென்று, சம்பளத்தோடு கேட்கவேண்டும். உங்கள் கிளைக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள்.