பார்க்கும் கண்ணே ஏரிக்குக் காவல்

ஒரகடம் அருகே உள்ள வடக்குப்பட்டில் 2022-இல் இந்தியத் தொல்லியல் துறை அகழ்ந்தபோது கற்காலக் கருவிகள் வெளிப்பட்டன. அத்தனை காலமாக மனிதர் நடமாடிய மண்ணைச் சுற்றி இன்று ஒரகடம், வல்லம் வடகால் சிப்காட் வளாகங்கள் விரிந்திருக்கின்றன. ஆனாலும் வடகிழக்குப் பருவமழையில் இப்பகுதி ஏரிகள் நிரம்பினால் நத்தைக்குத்தி நாரையும் நீர்க்காகமும் வந்து இறங்குகின்றன. புதரோரம் செங்காந்தள் பூக்கிறது. வார விடுமுறையில் இவற்றைப் பார்க்கப் போவதை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடக் கூடாது. யாரும் எட்டிப் பார்க்காத ஏரியில் இரவோடு இரவாகக் கழிவைக் கொட்டிவிட்டுப் போகலாம். நாலு பேர் வந்துபோகும் கரையில் அது எளிதல்ல.

இந்தக் கவனம் தேவைப்படுவதற்குச் சட்டத்திலேயே காரணம் இருக்கிறது. ஈரநிலங்களில் ஆக்கிரமிப்பையும் குப்பை கொட்டுவதையும் 2017-ஆம் ஆண்டின் மத்திய விதிகள் தடுக்கின்றன. ஆனால் பாசனத்துக்கென்று மனிதர் வெட்டிய நீர்நிலைகளை அவற்றின் வரையறை விலக்கிவிடுகிறது. நம் ஏரிகளில் பெரும்பாலானவை அப்படி வெட்டப்பட்டவைதான். வேடந்தாங்கலும் பாசன ஏரியே. பறவை எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரம் என்று உணர்ந்த ஊரார், சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது முறையிட்டு, 1798-இல் ஆட்சியர் லயனல் பிளேஸிடம் பாதுகாப்பு ஆணை பெற்றார்கள். பன்னாட்டு முக்கியத்துவம் கொண்ட ஈரநிலம் என்ற ராம்சார் தகுதி 2022-இல்தான் வந்தது. அங்கே ஊராரின் அக்கறைதான் முதலில் வந்தது. சட்டம் அதைப் பின்தொடர்ந்தது.

கூட்டம் போனால் பறவைகள் கலையுமே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், அதனால்தான் எல்லை தெரிந்து போக வேண்டும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன்படி பறவையின் கூட்டையோ முட்டையையோ தொந்தரவு செய்வதும் ‘வேட்டை’ என்ற சொல்லுக்குள் அடங்கும். படம் எடுக்கக் கிளையை விலக்குகிறவர் இதை நினைவில் வைக்க வேண்டும். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியின்றி நுழையக் கூடாது. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீ மலையேறச் சென்றவர்களைப் பலிகொண்ட பிறகே தமிழகத்தில் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. ஏரியில் மண் அள்ளிய பள்ளங்கள் நீருக்கடியில் மறைந்திருக்கும், கரையைவிட்டு இறங்காதீர்கள். செங்காந்தளின் கிழங்கு முதல் விதை வரை எல்லாமே நஞ்சு. பூவைப் பறிக்காமல் பாருங்கள். பாம்பு கடித்தால் கடிவாயைக் கீறாமல், இறுக்கிக் கட்டாமல், கடிபட்ட உறுப்பை அசைக்காமல் 108-ஐ அழையுங்கள். விஷமுறிவு மருந்து மருத்துவமனையில்தான் கிடைக்கும்.

வேலை தரும் தொழிற்சாலைகளுக்கு நடுவே ஏரியைப் பற்றிப் பேசுவது வளர்ச்சிக்கு எதிரானது என்பார்கள். ஆனால் அடையாறு இப்பகுதியின் மலைப்பட்டு ஏரிப் பக்கம்தான் தொடங்குகிறது. 2015 டிசம்பரில் அந்த ஆறு கரைபுரண்டபோது வீடுகளும் ஆலைகளும் சேர்ந்தே முடங்கின. மேலே உள்ள ஏரிகள் மழைநீரைத் தேக்கினால்தான் கீழே வெள்ளத்தின் வேகம் குறையும். ஏரியைக் காப்பது பிழைப்பையும் காப்பதுதான்.

எனவே பார்த்ததைத் தேதியோடு படமெடுத்து வையுங்கள். ஆக்கிரமிப்பு என்றால் 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்புச் சட்டத்தைச் சுட்டி நீர்வளத் துறைக்கும், ஆலைக் கழிவு என்றால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் எழுதுங்கள். நடவடிக்கை என்ன என்பதைத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். உலக நீர் நாளான மார்ச் 22 உட்பட ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அங்கே தீர்மானம் கேளுங்கள். அதற்கும் அதிகாரிகள் அசையாவிட்டால் சென்னையில் உள்ள தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இருக்கிறது. பொதுவாக ஆறு மாதத்துக்குள் அங்கே மனு செய்ய வேண்டும். எந்த நாளில் ஏரி எப்படி இருந்தது என்று சொல்ல அப்போது சாட்சி வேண்டும். அந்தச் சாட்சி, நாரை பார்க்கப் போன நாளில் நீங்கள் எடுத்த படமாக இருக்கலாம்.